பத்து வருஷம் தாங்கும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தெருவில் அவர் 'பத்துவருஷம்'. மரியாதை தெரிந்தவர்களுக்குப் 'பத்துவருஷ மாமா'. கேட்டின் கீல் உடைந்தாலும், மாடிப்படிக் கைப்பிடி ஆடினாலும், சைக்கிள் கழுத்தில் விட்டுப்போனாலும் எல்லாம் அவருடைய வெல்டிங் பட்டறைக்குத்தான் வந்து சேரும். கிரைண்டரால் துருவைச் சீவுவார், வெல்டிங் ராடை வைத்துப் பற்றவைப்பார், கசடைச் சுத்தியலால் தட்டி எடுப்பார், சூடு ஆறியதும் கட்டைவிரலால் அந்த ஒட்டை ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "பத்து வருஷம் தாங்கும், கொண்டு போ" என்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது புளுகு. பெருமைக்குத்தான் சொன்னார். ஆனால் சொன்னபடி தாங்காமல் திரும்பி வந்த சாமான் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை.

பட்டறைக்கு நேர் எதிரே சிறுவர் பூங்கா. பூங்கா என்று பலகைதான் சொன்னது. உள்ளே இருந்தது ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல், ஏறி இறங்கும் ஒரு சீசாப் பலகை, ஒரு ராட்டினம், காலடியில் ஜல்லி கலந்த மணல். எல்லாம் அவர் மகளைவிட வயதில் மூத்தவை. நகராட்சி அவற்றை நட்டுவிட்டுப் போனதோடு சரி, பிறகு எட்டிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவற்றை நிற்க வைத்திருந்தது நம்மவருடைய கைதான். சறுக்கு மரத்து ஏணியின் மூன்றாம் படியை நாலு முறை மாற்றியிருக்கிறார். ஊஞ்சல் சங்கிலியில் பழைய வளையம் என்று ஏழெட்டுத்தான் மிச்சம். ராட்டினத்தின் நடுத்தண்டு முழுக்க அவர் போட்டது. யாரும் கேட்டுச் செய்ததில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் எதிரே பிள்ளைகள் ஆடுவது தெரியும். ஊஞ்சல் 'கிரீச்' என்றால் அவருக்குப் பல் கூசும். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு நெனப்பா?" என்று அவர் மனைவி கேட்பாள். "நம்ம வீட்டுத் துணி காயப்போடுற கம்பி அறுந்து மூணு மாசம் ஆச்சு. அதையும் கொண்டுபோய்ப் பூங்காவுல கட்டிடவா? அப்பவாவது உங்க கண்ணுல படும்."

அவர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். கம்பி நாலாவது மாசமும் அப்படியேதான் கிடக்கும்.

ஒரே மகள். தபால் அலுவலகத்தில் வேலை. விண்ணப்பம், படிவம், முத்திரை, ரசீது என்று காகிதத்தோடு பழகிய கை. அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்ததால் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருந்தான். அதனால் அவளும் குழந்தையும் பெற்றவர்களோடு பட்டறைக்கு மேலே மாடியில் இருந்தார்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள். கால்களுக்கு மட்டும் பலம் வரவில்லை. வைத்தியர்கள் சொன்னதையெல்லாம் செய்தார்கள். மூன்று வயதில் அவளுக்கென்று ஒரு குட்டிச் சக்கர நாற்காலி வாங்கியாயிற்று. வீட்டில் அவளுக்குப் பெயர் 'கிளி'. பெயரை வாய் சம்பாதித்தது. விடிந்ததிலிருந்து பேச்சுதான்.

அந்தக் கிளி தினம் சாயங்காலம் பட்டறை வாசலில் தாத்தாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திவைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பூங்காவுக்குள் அவளைக் கொண்டுபோக முடியாது. ஜல்லி மணலில் சக்கரம் அச்சு வரை புதைந்துவிடும். சறுக்கு மரத்துக்கு ஏணி. ஊஞ்சலுக்குச் சாய்மானமில்லாத வெறும் பலகை. "தாத்தா, அந்த நீலச் சட்டை ஏமாத்துறான், ரெண்டு தடவை சறுக்கிட்டான்" என்று இங்கிருந்தே நியாயம் பேசுவாள். அங்கே இருப்பவர்களுக்கு அது கேட்காது.

மகள்தான் முதலில் கிளம்பினாள். குடியிருப்போர் சங்கத்தில் அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். மற்ற யாருக்கும் மனு எழுத வராது என்பதுதான் காரணம். பூங்காவை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு வருஷம் அலைந்தாள். தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கினாள். புதுப் பூங்கா எப்படி இருக்கும் என்று ஒரு படமும் வரைய வைத்தாள். மணலுக்குப் பதில் கெட்டியான ரப்பர்த் தரை. சறுக்கு மரத்துக்கு ஏணியோடு ஒரு சாய்தளம். நாற்காலி மாதிரி முதுகும் இடுப்பு வாரும் உள்ள ஒரு ஊஞ்சல். அந்தப் படத்தைக் கிளி தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டாள்.

நகராட்சியில் ஒரு விதி. பழைய விளையாட்டுச் சாதனங்கள் 'பயன்படுத்தத் தகுதியற்றவை' என்று ஆய்வாளர் வந்து பார்த்து எழுதினால்தான் புதியவை கிடைக்கும். ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை மகள் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் புறப்பட்டாள். படியிறங்கும்போது அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். புரியுதா?"

"புரியுதும்மா."

"உங்க கை சும்மா இருக்காது. அதான் சொல்றேன்."

"அட, நான் என்ன சின்னப் பிள்ளையா? நீ போய்ட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊஞ்சலில் ஒரு சிறுமி உயர உயர ஆடிக்கொண்டிருந்தாள். மேல்குழாயில் கொக்கியைப் பிடித்திருந்த போல்ட்டு பாதி வெளியே வந்து நிற்பதை அவர் வாசலில் இருந்தே பார்த்துவிட்டார். பார்த்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? ஓடிப்போய் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தி அவளை இறக்கிவிட்டார். இதுவரை நியாயம். அதற்குமேல் சங்கிலியைக் குழாயோடு சேர்த்துச் சுற்றி, ஒரு கயிறு கட்டி, 'ஆடக்கூடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். ஆய்வாளர் அந்த அட்டையைப் பார்த்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். அவருக்கு அது தோன்றவேயில்லை. அவருக்குத் தோன்றியது பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.

ஸ்பேனரோடு ஏணியில் ஏறினால் குழாயின் மூட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தது. இவ்வளவு தூரம் ஏறியாயிற்று, இதை விட்டுவிட்டு எப்படி இறங்குவது? பட்டறையிலிருந்து கேபிளைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்தார். கேபிளை இழுத்தாயிற்று, சறுக்கு மரத்தின் அடிக்கால் என்ன பாவம் செய்தது? பிறகு சீசா. பிறகு ராட்டினம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டது காதில் விழவில்லை. மூன்று மணிக்கு முகமூடியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஒவ்வொரு மூட்டும் கல்லு மாதிரி நின்றது. ஆனால் அங்கங்கே கறுப்பும் சாம்பலுமாக ஒட்டுகள் அசிங்கமாகத் தெரிந்தன. வருகிறவர் அதிகாரி. இரும்பைப் பற்றித் தெரிந்தவர். இது யார் செய்த வேலை, இப்படித் திட்டுத்திட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் பெருக்கித் துடைக்க மாட்டோமா?

யாரோ கேட்டுக்கு வாங்கி மிஞ்சின பச்சைப் பெயிண்டும் மஞ்சள் பெயிண்டும் பட்டறையில் இருந்தன. இருட்டுவதற்குள் பூங்கா கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "மாமா, கலக்கிட்டீங்க" என்றார்கள். அத்தனை பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே. உறைக்கவில்லை.

போல்ட்டுக்குச் சாக்கு உண்டு. விரிசலுக்கும் சாக்கு உண்டு. பெயிண்டுக்கு என்ன சாக்கு? பின்னாளில் அவர் தன்னைத்தானே எத்தனையோ முறை இதைக் கேட்டுக்கொண்டார். பதில் தெரிந்துதான் கேட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வாடகைக் காரிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தாத்தா, பச்சை" என்றாள் கிளி. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்பா."

"போல்ட்டு ஒண்ணு கழண்டு வெளிய வந்துடுச்சும்மா. ஒரு பொண்ணு ஆடிக்கிட்டிருந்தது. விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சொல்லு."

"சரி. போல்ட்டு போட்டீங்க. பெயிண்டு?"

அவர் கையைத் துடைக்க ஆரம்பித்தார். கையில் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், நல்ல மாதிரி. கையில் அட்டையும் காகிதமும், பையில் சின்னச் சுத்தியல். ஒவ்வொரு மூட்டிலும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். இரும்பு கணீரென்று பதில் சொன்னது. மகள் கூடவே நடந்தாள். முப்பது வருஷப் பழசு, வெளியே பார்க்கத்தான் புதுசு, நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்கு வழியே இல்லை என்று ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

"எல்லாம் சரிங்க. இந்த வெல்டிங் யார் பண்ணது?" என்று கேட்டார் அவர்.

சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "எங்க மாமாதான் சார், எதிர்ப்பட்டறை" என்று ஒரே குரலில் காட்டிக் கொடுத்தார்கள். பெருமையாகத்தான். வெல்டரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒட்டு நான் பார்த்ததில்ல" என்றார் ஆய்வாளர். "நீங்களே சொல்லுங்க பெரியவரே, இது எத்தனை நாள் தாங்கும்?"

மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவருடைய நாக்கு முந்திக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம், யோசனைக்கு இடமே கொடுக்கவில்லை. "பத்து வருஷம் தாங்கும்" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போகும். இங்கே அப்படி இல்லை. ஆய்வாளர் அட்டையைக் கையில் ஊன்றி எழுதினார்: 'பராமரிப்பு மிகச் சிறப்பு. பயன்படுத்தத் தகுதியுடையது. மேலும் பத்து ஆண்டுகள் தாங்கும்.' எழுதினதை மரியாதைக்காக வாசித்தும் காட்டினார். கூட்டத்தில் ஒருவன் கைதட்டப் போய், செயலாளர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான்.

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். மனைவி நாலு நாள் பேசித் தீர்த்தாள்: "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறதுன்னு கேட்டிருக்கேன். பெயிண்டு அடிச்சு வச்சுக்கிட்டதை இப்பதான் பார்க்கிறேன்." அது அவருக்கு இதமாகக்கூட இருந்தது. மகள் வழக்கம்போலக் காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள், மாத்திரை போட்டாரா என்று கேட்டாள், கடையில் என்ன வேண்டும் என்று கேட்டாள். பூங்காவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை அவரிடம் பேசுவதில்லை. மேஜையில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் அறைக்குள் வந்தால், கோபமே இல்லாமல், காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைப்பாள். ஒரு தகப்பனுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்?

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மூன்றாம் மாடியில் பூங்காப் பிரிவு. எழுத்தர் ஒரு சின்ன வயசுக்காரர், கோப்பைத் தேடி எடுத்துப் பிரித்தார்.

"சொல்லுங்க ஐயா, என்ன குறை?"

"இதுல இருக்கிற வெல்டிங் நான் பண்ணதுங்க. அது சரியில்ல."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்குன்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு. ஆனா நான் சரியா பண்ணல. மோசமான வேலை. உள்ள பிடிப்பே இல்ல. எப்ப வேணா விட்டுடும்."

தன் வேலையை மோசம் என்று வாழ்க்கையில் அதுவரை அவர் சொன்னதில்லை. சொல்லும்போது காது மடல் சுட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆய்வாளர் தட்டிப் பார்த்து எழுதியிருக்கார். நீங்க வந்து வாயால இல்லேங்கறீங்க. நான் எதை நம்பறது? ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"விரிசல்?"

"இல்லீங்க."

"அப்ப அந்தப் பத்து வருஷம் முடிஞ்சதும் வாங்க. கோப்புல அதுதான் தேதி" என்றார் எழுத்தர், அன்பாகவே. தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

படியிறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று நின்று இறங்கினார்.

கிளிக்கு ஐந்து வயதானபோது பட்டறைக்குள்ளேயே ஒரு ஊஞ்சல் கட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன? சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அச்சாக அப்படியே செய்தார். பழைய கார் சீட்டின் முதுகு, அதே காரின் இடுப்பு வார், உத்தரத்திலிருந்து நாலு சங்கிலி. கிளி இரண்டு வாரம் அதைவிட்டு இறங்கவில்லை. கிரைண்டர் சத்தத்துக்கும் இரும்புத்தூளுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே பாட்டெல்லாம் பாடினாள். மூன்றாவது வாரம் ஊஞ்சல் சும்மா தொங்கியது. அவள் நாற்காலியை மறுபடி வாசலுக்கு நகர்த்தச் சொன்னாள்.

"ஏண்டா தங்கம், போரடிச்சுடுச்சா? இன்னும் உயரமா கட்டித் தரட்டுமா?"

"இல்ல தாத்தா. நல்லாதான் இருக்கு. ஆனா எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

அன்றைக்கே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். ஊஞ்சல் பலகையில் தான் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆடினார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிறுத்திவிட்டு, வரிசையாக, ஒதுங்கி நின்று பார்த்தார்கள். யாரும் கேலி பண்ணவில்லை. பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல வழிவிட்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கிளி அவர் காதருகே, "தாத்தா, போலாம்" என்றாள். அதன் பிறகு அவள் அங்கே போகக் கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. மகள் இரண்டாம் முறை கையெழுத்து வாங்கினாள், மூன்றாம் முறை வாங்கினாள். ஒவ்வொரு முறையும் மூன்றாம் மாடியில் கோப்பைப் பிரித்துப் பார்த்து, அதே வரியை வாசித்துக் காட்டி அனுப்பினார்கள். வெல்டர் தன் பங்குக்கு வருஷத்துக்கு ஒருநாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஒட்டாகத் தட்டிப் பார்ப்பார். ஒரு விரிசல், ஒரே ஒரு விரிசல். கெஞ்சாத குறைதான். சனியன் பிடித்த இரும்பு, கணீர் கணீர் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு மத்தியானம் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடோடே போனார். சீசாவின் மூட்டில் வைத்து மூன்று இழுப்பு இழுத்தார். பின்னால் ஒரு சிறுமி வந்து நின்றாள்.

"மாமா, சீசா உடைஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. நல்லாதான் இருக்கு."

"அப்ப நாங்க ஆடலாமா?"

அவர் பிளேடைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்தவர் பிள்ளை விழுந்தால்தான் தன் பேத்திக்கு ஊஞ்சல் என்றால் அது அவரால் ஆகாது. மறுநாள் அந்தக் கீறலையும் அவரே பற்றவைத்து அடைத்தார். தடவியும் பார்த்தார். பிறவிக்குணத்தை என்ன செய்வது?

கோப்பில் எழுதின தேதி ஒருவழியாக வந்தது. மகள் அன்று காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். இந்த முறை ஆய்வுக்கு வேறொருவர் வந்தார். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாதனங்களின் வயதைக் கேட்டார், எழுதினார், போனார். ஆறு மாதத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று மகள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம். சிரித்து முடிக்கும் முன்பே அழுதுவிட்டாள் என்று மனைவி வந்து அவரிடம் சொன்னாள்.

பழையதை அறுத்தெடுக்க ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தபோது அவர் பட்டறை வாசலில் இருந்தார். மற்றக் குழாய்கள் எல்லாம் பிஸ்கட் மாதிரி ஒடிந்து விழுந்தன. ஒட்டுப் போட்ட இடங்களில் மட்டும் வேலை நின்றது. மூன்று பிளேடு போய்விட்டது.

"எந்தப் புண்ணியவான் அடிச்ச வெல்டிங்கோ, விடவே மாட்டேங்குது" என்றான் அறுக்கிறவன், வியர்வையை வழித்துக்கொண்டு. "இன்னும் பத்து வருஷம் தாங்கும் போல இருக்கு."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தச் சத்தம் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை. படத்தில் இருந்தது அப்படியே நின்றது. செங்கல் நிற ரப்பர்த் தரை, சாய்தளம், முதுகும் வாரும் வைத்த ஊஞ்சல். நகராட்சித் தலைவர் வந்தார், மகளை மேடையில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் தலையில் அங்கங்கே நரைத்திருந்தது. ஆரம்பித்தபோது ஒரு முடிகூட நரைக்கவில்லை.

வெல்டர் பேத்தியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சக்கரம் ரப்பரில் சத்தமே இல்லாமல் உருண்டது. நாற்காலி இப்போது பெரியது. கிளிக்கும் பதினான்கு முடிந்துவிட்டது. உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் ஒரு தடிப்புத்தகம் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு முன்பு போல இல்லை, அளந்துதான் வரும். ஊஞ்சல் பக்கத்தில் ஒரு பலகை நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை வாய்விட்டு வாசித்தாள்.

"மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை."

அவர் பலகையைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சும்மா எழுதி வைப்பாங்க. இன்னிக்கு யார் கேக்கப்போறாங்க? நான் தூக்கி உக்கார வைக்கிறேன் வா. ஒரே ஒரு தடவை."

"வேணாம் தாத்தா."

"தாத்தாவுக்காகடா."

"எட்டு வயசுல ரொம்ப ஆசையா இருந்துச்சு தாத்தா. சுவத்துல இருந்த படத்தைப் பார்த்துக்கிட்டே தூங்குவேன். அப்புறம் எப்பன்னு தெரியல, அந்த ஆசை போயிடுச்சு." அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. நாலு வயசுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா குட்டிச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி அந்த ஊஞ்சலில் வைத்து வாரை மாட்டினாள். முதல் ஆட்டத்துக்கே அவன் கிறீச்சிட்டுச் சிரித்தான். சுற்றி இருந்த பிள்ளைகள் தள்ளிவிட அடித்துக்கொண்டார்கள். கிளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றாள்.

பத்து வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. குழந்தையிடம் என்னவென்று கேட்பது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இப்போது கேட்கலாம் என்று பார்த்தால் குழந்தை இல்லை, வளர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "நான் அன்னிக்கு அந்தப் பெயிண்டை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மகள் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஆடினியா?"

"ஆடினேன்மா" என்றாள் கிளி. "தாத்தாதான் தள்ளிவிட்டார். செம உயரம் போச்சு."

மகளின் முகம் அப்படியே தளர்ந்து மலர்ந்தது. அவள் குனிந்து கிளியின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். ஊஞ்சலின் இரும்புத்தூணைத் தட்டிக் காட்டினாள். பூங்காவைப் பற்றி அவரிடம் அவள் பேசுவது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"எப்படிப்பா இருக்கு வேலை? தாங்குமா?"

அவருடைய கட்டைவிரல் தானாகவே போய்த் தூணின் மூட்டைத் தடவியது. தொழிற்சாலையில் செய்த ஒட்டு, சுத்தமான வேலை. எத்தனை வருஷம் என்று அவருக்குத் தெரியும். நாக்கின் நுனி வரை வந்தும்விட்டது.

"தெரியலம்மா" என்றார்.

"உங்களுக்கா தெரியாது?" மகள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க தள்ளிவிட்டீங்கல்ல, அது போதும்பா எனக்கு."

கிளி புத்தகத்தைப் பிரித்துக் குனிந்து வாசிக்க ஆரம்பித்திருந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல் அங்கேயே நின்றார்.